துக்க வருடத்தில் பூப் பார்க்கப் போனவர்

ஒரு மனிதனின் இதயக் குழாய் அடைபட்டதற்கு அவனுடைய மனைவியின் முகராசிதான் காரணம் என்று நம்புகிறீர்களா? கொழுப்பும் சிகரெட்டும் செய்த வேலைக்கு ஒரு பெண்ணின் நெற்றியில் பழி எழுதுவீர்களா? "சே, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்பீர்கள். நல்லது. லண்டனில், ஹரோவில் இருக்கும் ஜெயகௌரியின் கதையைக் கேளுங்கள்.

வெம்பிளியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். 2005 ஐப்பசியில் அவருடைய கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். அதன்பின் ஒரு வருடத்துக்கு அவருக்குக் கோயில் இல்லை, கலியாணம் இல்லை, பிறந்தநாள் கொண்டாட்டம்கூட இல்லை. ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் விடுவதுதான் துக்கத்துக்குச் செய்யும் மரியாதை என்றார்கள். துக்கத்தில் இருப்பவரைத் தனியே அடைத்துவைப்பது என்ன மரியாதையோ! பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில், இனிச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது என்று ஜெயகௌரி மெட்ரோபொலிட்டன் ரயிலில் ஏறினார். வீடுகள் குறைந்து மரங்கள் கூடிய இடத்தில் இறங்கினார். அது சோர்லிவூட்.

அன்று அவர் கண்டது பெரிதாக ஒன்றுமில்லை. காட்டோரத்துப் பூவொன்றின் முன்னால், ஊசி போன்ற மூக்கை நீட்டியபடி, உடம்பெல்லாம் உரோமத்தோடு ஒரு பூச்சி அந்தரத்தில் நின்றது. தேனீ என்றுதான் நினைத்தார். அது இலையில் இறங்கியதும் குனிந்து சிறகுகளை எண்ணினார். இரண்டே இரண்டு. தேனீக்கு நான்கு. தேனீ வேடம் போட்ட ஈ அது. கணவர் போன பிறகு முதல் தடவையாக ஜெயகௌரி வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த ஞாயிறும் போனார்.

அவர் பூச்சிகளைத் துரத்துவதில்லை. ஒரு செடியைத் தெரிவுசெய்து அதன் முன்னால் இருப்பார். வருவது வரட்டும் என்று பார்ப்பார். மருந்துப் போத்தலைக் கொடுக்குமுன் பெயரை இரண்டு தரம் பார்க்கிற பழக்கம் இங்கேயும் வந்தது. சிறகு ஒரு சாட்சி, அது உட்காரும் செடி இன்னொரு சாட்சி. இரண்டும் பொருந்தாவிட்டால் "தெரியாது" என்பார். அந்தச் சொல்லை இத்தனை சுலபமாகச் சொல்லும் மனிதர்களை நம்மிடையே அதிகம் காண முடியாது.

துக்க வருடம் முடிந்ததும் அழைப்புகள் வந்தன. கூடவே பின்வரிசைக் கதிரையும் வந்தது. பொறுத்துக்கொண்டார். ஆனால் 2007 ஆனி மாதத்துக்கு அண்ணன் மகள் விதுஷாவுக்குக் கலியாணம் நிச்சயமானது. தாய் தவநாயகி ஷிப்ட் வேலைக்குப் போன காலத்தில் ஜெயகௌரியின் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. "ஆராத்தி மாமிதான் எடுக்கவேணும்" என்றாள் அவள்.

தவநாயகி மறுநாளே வந்து நின்றார்.

"பிள்ளைக்கு விளங்காது, மச்சாள். மாப்பிள்ளை பகுதி என்ன நினைக்கும்? நீங்கள் வாங்கோ, பின்னுக்கு இருந்து ஆசீர்வதியுங்கோ. கலியாணம் முடியுமட்டும் இந்தக் காடு சுத்துறதையும் விடுங்கோ. சேத்துச் சப்பாத்தோட உங்களை ஸ்டேஷனில கண்டதெண்டு கதைக்கினம்."

"சேறு கழுவினாப் போயிடும்."

"கதை போகாது."

ஜெயகௌரிக்குப் பின்வரிசைகள் எத்தனையோ பழகிவிட்டன. விதுஷாவின் மணவறையைத் தூரத்தில் இருந்து பார்ப்பதுதான் ஏலாது. ஆனால் தான் பிடிவாதம் பிடித்தால் பிள்ளையின் கலியாணத்தில் குழப்பம் வரும். ஒதுங்கிவிடுவோம் என்று பாதி முடிவு செய்துவிட்டார்.

அந்தக் கிழமை கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் இருந்து ஒரு அழைப்பு வந்தது. மாப்பிள்ளையின் தாய் கமலாம்பிகை.

"நீங்கள்தானே காட்டுக்கை திரியிற ஆள்?"

"ஓம்."

"ஞாயிறு நானும் வாறன்."

விசாரணைக்குத்தான் வருகிறார் என்று ஜெயகௌரி நினைத்தார். சாம்பல் நிறச் சேலையும் கோயிலுக்குப் போடும் செருப்புமாக வந்து இறங்கினார் கமலாம்பிகை. அவரும் கணவனை இழந்தவர். ஜேர்மனியில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஆற்றங்கரைப் புல்வெளியில் செருப்பு புதைய, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்.

இளம் ஊதாப் பூக்கள் நிறைந்த ஈரத் தரையில் ஒரு வண்ணத்துப்பூச்சி பறந்தது. வெள்ளைச் சிறகின் நுனி மட்டும் செம்மஞ்சள். பின்னால் வந்த இன்னொன்று முழு வெள்ளை.

"இதென்ன, நிறம் இல்லை? இதுக்கும் புருசன் செத்திட்டுதோ?" என்றார் கமலாம்பிகை.

"இல்லை அக்கா. பெண் பிறக்கிறதே அப்பிடித்தான். பின்னுக்குப் போயிரு எண்டு அதுக்கு ஒருத்தரும் சொல்லயில்லை."

கமலாம்பிகை சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. பிறகு இருவரும் ஈரப் புல்லில் முழங்காலிட்டு, பூக்காம்பில் ஒட்டியிருந்த முட்டையைப் பார்த்தார்கள். எள்ளிலும் சிறியது.

"ஒரு தண்டில ஒரு முட்டைதான் இடும். ரெண்டு இருந்தாப் புழு ஒண்டையொண்டு தின்னும்."

"சம்பந்தி வீடுகள் மாதிரி" என்றார் கமலாம்பிகை. முட்டையில் இருந்து கண்ணை எடுக்காமலே தொடர்ந்தார். "மூத்தவளின்ர கலியாணத்துக்கு நான் சமையலறைக்குள்ள நிண்டனான். தாலி கட்டினது மேளச் சத்தத்திலதான் தெரியும். பெத்தது நான். இந்தமுறையும் என்னைச் சமையலறைக்குத்தான் அனுப்புவினம்."

"நீங்கள் போவியளோ?"

"விதுஷா உம்மைக் கேட்டதெண்டு சொன்னவள். நீர் ஆராத்தி எடுக்கப் போறீரோ எண்டு கேக்கத்தான் வந்தனான். நீர் எடுத்தால் நானும் எடுப்பன். தனிய எடுக்கப் பயம்."

ஜெயகௌரியின் பாதி முடிவு அந்தப் புல்லிலேயே போனது. "ஆராத்திக்கு ரெண்டு பேர் வேணும்தானே" என்றார்.

அங்கே நின்றபடியே கமலாம்பிகை தவநாயகிக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

"ஊர் என்ன சொல்லும், சம்பந்தி?"

"ஃபாரஸ்ட் கேட்டில எனக்கு ஊர் இல்லை. வாடகை வீடுதான் இருக்கு."

கலியாணத்தன்று இரண்டு பெண்களும் தட்டை ஏந்தி மணமக்களுக்கு முன்னால் நின்றார்கள். ஒரு பெரியவர் கோபத்தோடு மண்டபத்தை விட்டு வெளியேறினார். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். தட்டு கவிழவில்லை, கூரை இடியவில்லை. விதுஷாவின் கண்கள் மாமியின் முகத்தை விட்டு அகலவில்லை. தவநாயகியும் அழுதார். பயத்திலா மகிழ்ச்சியிலா என்று யாரும் கேட்கவில்லை.

சாத்திரம் பேசிய எத்தனையோ பேரை அசைக்க முடியாத மேடைப் பேச்சுகள் உண்டு. ஜெயகௌரி மேடை ஏறியவர் அல்லர். தன் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னார். அது போதுமாக இருந்தது.

உங்கள் தெருவிலும் துக்க வருடம் என்று கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெண் இருப்பார். வருடம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிறு போய்க் கதவைத் தட்டுங்கள். சப்பாத்தைப் போடச் சொல்லி, பூத்திருக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள்.