மோதகம் சாப்பாடா?

எனக்குத் தாடை கிடையாது. இப்படிச் சொன்னால் எல்லாரும் "சும்மா இரு" என்பார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும்: உதட்டுக்குக் கீழே முகம் சரிந்து நேராகக் கழுத்துக்குள் இறங்கிவிடும். ஃபோட்டோ எடுத்தால் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். கழக்கூட்டத்து ஆபீஸில் வீடியோ மீட்டிங் வந்தால் காமிராவை அணைத்துவிட்டு நெட்வொர்க் மேல் பழி போடுவேன். முப்பத்தைந்து வயது வரை ஆடிய நாடகம் போதும் என்று, தாடையை எடுப்பாக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டேன்.

அம்மா குதித்தாள். "பகவான் குடுத்த மூஞ்சிய யாராவது வெட்டித் தைச்சுப்பாளாடி? ஊர் சிரிக்கும்."

"ஊர் இப்பவே சிரிச்சிண்டுதாம்மா இருக்கு" என்றேன். அதற்கப்புறம் எங்கள் கோட்டைத் தெரு வீட்டில் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மயக்க மருந்து டாக்டர் முந்தின நாளே எச்சரித்திருந்தார். நடுராத்திரிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து என்றார். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

காலையில் சர்ஜன் வந்து என் முகத்தில் ஊதாப் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போனார். எங்கே கீறுவது, எங்கே சிலிக்கான் துண்டை வைப்பது என்று அடையாளம். அவர் வெளியூர்க்காரர், எப்போதோ ஒரு நாள்தான் வருவார். கண்ணாடியில் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா மூச்சு வாங்க உள்ளே வந்தாள். பழவங்காடிப் பிள்ளையார் கோவிலிலிருந்து நேராக வருகிறாள். எத்தனை கோபம் இருந்தாலும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்காது. நெற்றியில் சந்தனம் இட்டாள், இலைப் பொட்டலத்திலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். நான் வாயைத் திறந்தேன். பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் அந்தக் கை இப்படித்தான் நீளும், என் வாயும் இப்படித்தான் திறக்கும்.

நர்ஸ் வந்து ஏதாவது சாப்பிட்டேனா என்று மலையாளத்தில் கேட்டாள். இல்லை என்றேன். சத்தியமாகப் பொய் சொல்லவில்லை! அம்மா ஏகாதசிக்குப் பட்டினி கிடப்பாள், நடுவில் பிரசாதம் வந்தால் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வாள். விரதம் கலையாது. எங்கள் வீட்டுக் கணக்கில் அது சாப்பாடே இல்லை.

ஆபரேஷன் தியேட்டரில் படுக்க வைத்த பிறகுதான் என் நாக்கு பல்லிடுக்கில் ஒரு தேங்காய்த் துருவலைக் கண்டுபிடித்தது.

மோதகம். முழு மோதகம்!

தலைக்கு மேல் விளக்கு. சர்ஜன் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சொன்னால் ஆபரேஷன் நின்றுபோகும். சொல்லாவிட்டால் நானே நின்றுபோகலாம். ஒரு மோதகத்துக்கு என்ன ஆகிவிடும் என்று ஒரு புத்தி சொல்லியது. அதைவிடப் பெரிய கோபம் ஒன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்தது: வேண்டுமென்றே கொடுத்தாளா? நிறுத்துவதற்கு வேறு வழியில்லாமல் செய்த வேலையா? பாழாய்ப்போனவளே, நீ ஜெயிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். மாஸ்க் மூக்குக்கு அருகில் வந்தது.

"டாக்டரே, ஞான் பிரசாதம் கழிச்சு", சாப்பிட்டுவிட்டேன் என்று கத்திவிட்டேன்.

மாஸ்க் அப்படியே நின்றது. "எப்போள்?" என்றார் மயக்க மருந்து டாக்டர். இப்போதுதான், ஒரு மோதகம் என்றேன். அவர் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! "பிரசாதம் ஆணெங்கிலும் வயிற்றினு அது ஆகாரம் தன்னே" என்றார். பிரசாதமானாலும் வயிற்றுக்கு அது சாப்பாடுதானாம். கையுறையைக் கழற்றினார்.

ஊதாக் கோட்டோடு வெளியே வந்தேன். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். அதற்குள் முடிந்துவிட்டதா என்று அவளுக்குக் குழப்பம்.

"வேணும்னுதானே குடுத்தே?"

"எதடி?"

"மோதகம்! வயத்துல ஒண்ணும் இருக்கப்படாதுன்னு அவர் சொன்னப்போ நீயும்தானே கேட்டுண்டிருந்தே?"

அவள் முகம் வெளுத்ததை என்னால் மறக்க முடியாது. பொட்டலம் கையிலிருந்து நழுவியது. "பிரசாதம்னுதானேடி குடுத்தேன்? ஐயோ, உன்னக் கொன்னிருப்பேனேடி" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குத் தாடை நன்னா அமையணும்னுதாண்டி தேங்காயே உடைச்சேன்."

கையில் வைத்திருந்த கோபத்தை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

சர்ஜன் அடுத்த முறை வந்த அன்று காலையிலும் அம்மா பழவங்காடிக்குப் போனாள். ஆனால் சந்தனம் மட்டும் இருந்த கையைக் கதவருகிலேயே விரித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். கிளம்பும்போது, ட்ராலியில் படுத்திருந்த என் நெற்றியில் சந்தனம் இடக் கையை நீட்டினாள். சனியன் பிடித்த என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

அம்மா பதறித் தாடைக்கு அடியில் விரலைக் கொடுத்து அழுத்தி மூடினாள். மூடிய பிறகும் விரலை எடுக்கவில்லை.

"இந்தத் தாடையப் பிடிச்சுண்டுதாண்டி கொழந்தைல உனக்கு மருந்து புகட்டுவேன்" என்றாள்.

ட்ராலி நகர்ந்தது. கதவு வரைக்கும் தாடையைப் பிடித்துக்கொண்டே கூட நடந்து வந்தாள்.