விரால் குஞ்சும் புது மாப்பிள்ளையும்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் ராத்தாவை, அதாவது அக்காவை, மணம் முடித்த மச்சானும் அப்படித்தான் ஒரு சூட்கேசும் ஒரு கண்ணாடி மீன் தொட்டியுமாகக் கல்முனையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எண்பதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது. சூட்கேசைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. தொட்டியைப் பார்த்த வாப்பா மட்டும், "இது ஆக்கித் திங்கிற மீன் இல்லியா?" என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

மச்சான் கணக்குப் படிப்பிக்கும் வாத்தியார். மெதுவாகக் கதைப்பார், மெதுவாக நடப்பார், கதிரையின் நுனியில்தான் உட்காருவார். உம்மா அவர் முன்னால் வரவே மாட்டார். அந்தக் காலத்து மாமிமார் அப்படி. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு என் வாயால்தான் மருமகனோடு கதைப்பார்.

"மகன், மச்சானுக்கு இன்னம் கொஞ்சம் சோறு வைக்கவாண்டு கேளு."

அது மச்சானின் காதில் நன்றாகவே விழும். இருந்தாலும் நான் ஒருதரம் திருப்பிச் சொன்ன பிறகுதான், "மாமிட்டப் போதுமெண்டு சொல்லு தம்பி" என்பார். அதுவும் உம்மாவின் காதில் விழுந்திருக்கும். அதையும் நான் சொல்ல வேண்டும். இரண்டு முழத் தூரத்துக்கு ஒரு தபால்காரன். வாப்பாவுக்கும் மச்சானுக்கும் இடையில் அந்தத் தபாலும் கிடையாது. ஒரு சலாம், மழையைப் பற்றி ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

தொட்டிக்கு முன்னால் மட்டும் மச்சான் வேறு ஆளாகிவிடுவார். அதற்குள் ஒன்பது குட்டிக் கப்பி மீனும் இரண்டு தங்கமீனும் இருந்தன. கொழும்பிலிருந்து பொலித்தீன் பையில், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவை. எந்த மீனை எந்த மீனோடு விடலாம் என்று எனக்கு மணிக்கணக்கில் சொல்லுவார்.

"மூணு விசயம் பாக்கணும் தம்பி. அளவு, குணம், தண்ணி. வால் கடிக்கிற சாதியத் தங்கமீனோட விடப்படா. பாவம், அது ஓடத் தெரியாத சாமான். மற்றது, உடம்பப் பாக்காத, வாயப் பாரு. வாய்க்குள்ள கொள்ற எல்லாம் அதுக்குச் சாப்பாடுதான்."

அந்தக் கடைசி வசனம் வந்த நேரம் நான் பிஸ்கட்டுக்குள் இருந்த கிறீமை நக்கிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை மச்சான் ஐந்து நாள் பயிற்சிக்கு என்று கொழும்புக்குப் போனார். தொட்டி என் பொறுப்பில் விடப்பட்டது. காலையிலும் மாலையிலும் ஒரு சிட்டிகை பாண் ரொட்டித் தூள். வேறொன்றும் செய்யத் தேவையில்லை. வேறொன்றும் செய்யாமல் இருக்கத்தான் எனக்கு வரவில்லை. அன்று பின்னேரமே வாப்பாவோடு வயலுக்குப் போனபோது வாய்க்காலில் ஒரு விரால் குஞ்சு கிடைத்தது. செம்மஞ்சள் கோடு ஓடிய அழகான குஞ்சு. கொழும்பு மீன்களுக்கு நடுவில் நம்மூர் மீனும் ஒன்று இருக்கட்டுமே என்று ரொட்டி டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சும்மா விட்டுவிடவில்லை. மச்சானின் பாடப்படி சோதித்தேன். அடிமட்டத்தை வைத்து அளந்தேன். தங்கமீனும் அதுவும் ஒரே நீளம். அளவு சரி. முகத்தைப் பார்த்தேன்; தொழுகைக்கு முன்வரிசையில் நிற்பவரைப்போல அமைதி. குணம் சரி. தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர். மூன்றிலும் சித்தியடைந்துவிட்டது. பிஸ்மி சொல்லி விட்டேன்.

மறுநாள் காலை கப்பி ஆறு. பின்னேரம் நாலு. ஒளித்திருக்கும் என்று கல்லைப் புரட்டினேன். அடுத்த நாள் ஒன்றுகூட இல்லை. ஒரு தங்கமீன் வால் கிழிந்து மூலைக்குள் நின்றது, மற்றது அதற்குப் பின்னால் நின்றது. விரால் மட்டும் வயிறு புடைத்து நடுவில் கிடந்தது. தேத்தண்ணி வடியால் அதைப் பிடிக்கப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் தங்கமீன்தான் வந்தது. ஓதத் தெரிந்த சூறாக்களையெல்லாம் ஓதித் தண்ணீரில் ஊதினேன். விராலுக்கு அதில் பசி கூடியதுபோல்தான் தெரிந்தது.

மீன் போனதற்கா இந்தப் பயம் என்று கேட்பீர்கள். அடுத்த ஒழுங்கையில் ஒரு மாப்பிள்ளை, கறியைப் பற்றி யாரோ சொன்ன சொல்லுக்குக் கோவித்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். பள்ளிவாசல் பெரியவர்கள் மூன்றுதரம் போய்த் தேத்தண்ணி குடித்துப் பேசியும் அவர் அசையவில்லை. அந்தப் பெண் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். கறிக்கே அப்படி என்றால் ஒன்பது கப்பிக்கு? ராத்தா வேலியைப் பிடித்து நிற்பதாகவே எனக்குத் தெரிந்தது. சோறு இறங்கவில்லை. வயிறு மட்டும் ஓயாமல் இறங்கியது. உம்மா எனக்கு மாதுளம் ஓடு அவித்துத் தந்தார்.

வியாழன் பகல் மச்சான் வந்தார். சூட்கேசைக் கையில் வைத்துக்கொண்டே தொட்டிக்கு முன்னால் குந்தினார்.

"தம்பி, இது விரால்தானே?"

"ஓம் மச்சான்."

"ஆரு போட்ட?"

நான் வாயைத் திறக்குமுன் அவரே குரலைத் தாழ்த்தி, "மாமா வயல்ல இரிந்து கொண்டந்து போட்டாரா?" என்றார்.

எனக்கென்றே திறந்த வாசல்போல் இருந்தது அந்தக் கேள்வி. வாப்பாவை யார் போய் விசாரிப்பார்கள்? வாப்பா செய்தால் அது குற்றமே இல்லையே! தலையை ஆட்டினேன். உறுதியாக இருக்கட்டும் என்று, "ஓம், வாப்பாதான்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மச்சான் கோபப்படவில்லை. "சரி" என்றார். அறைக்குள் போனார். சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பசியில்லை என்றார். அசர் தொழுகை முடிந்த நேரம் ராத்தா சிவந்த கண்ணோடு வெளியே வந்தாள்.

"அவரு உம்மாட வீட்ட போய் நிக்கப்போறாராம்."

உம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "யா அல்லாஹ், கறில உப்புக் கூடினயா? நான் என்னத்தச் செஞ்ச?" என்று மெல்லிய குரலில் புலம்பினார். அதே நேரம் வாப்பா வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து முற்றத்தில் நின்றார். மச்சான் சூட்கேசோடு வாசலில் நின்றார். இருவரும் மழை வருமா என்று பார்ப்பவர்கள்போல வானத்தைப் பார்த்தார்கள்.

"டேய், மருமகன் எங்க போறாரெண்டு கேளு" என்றார் வாப்பா. முதல்தரமாக அவரும் என்னிடம் தபால் தந்தார்.

"மாமாட்டச் சொல்லு தம்பி, விரால் சொன்ன சேதி எனக்கு விளங்கிட்டெண்டு."

"என்ன விளங்கினயாம்? கேளுடா!"

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம் எனக்காகக் காத்திருந்தது. தபால்காரனுக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"நான்தான்! வாப்பா போடல்ல, நான்தான் போட்ட! அடிமட்டத்தால அளந்துதான் போட்ட!" என்று கத்திக்கொண்டு அழுதேன். அந்தச் சத்தத்தில் உம்மா சீலையை விலக்கிக்கொண்டு, மருமகன் நிற்பதையும் மறந்து, அகப்பையோடு வெளியே வந்துவிட்டார்.

மச்சான் என் தோளைப் பிடித்தார். "மாமா போடல்லியா?"

"இல்ல மச்சான்."

"மாமாக்குத் தெரியாதா?"

"தெரியா."

"மாமா போடச் சொல்லவும் இல்லியா? மெய்யா?"

"வல்லாஹி மச்சான்."

வாப்பா சேற்றுக் கையால் என் காதைத் திருகத் தொடங்கினார். மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூட்கேசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு என் காதை வாப்பாவின் கையிலிருந்து விடுவித்துவிட்டு, "மாமிட்டச் சொல்லு தம்பி, எனக்குப் பசிக்கிதெண்டு" என்றார்.

அன்று அவர் இரண்டு கோப்பை நிறையச் சோறு தின்றதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. ஒன்பது கப்பி மௌத்தாகியிருக்கிறது. ஒரு தங்கமீனுக்கு வால் இல்லை. அவற்றைப் பற்றி மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்ட மூன்று கேள்வியும் வாப்பாவைப் பற்றித்தான். மச்சானுக்கு மீன்கள் மேல் உண்மையில் அவ்வளவு பிரியம் இல்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டி, ஐந்து நாளுக்குப் பிறகு நானும் ஒரு கோப்பைச் சோற்றை இழுத்து வைத்துக்கொண்டேன்.