பின் சீட்டில் கேட்ட பேச்சு

அண்ணன் அவர்கள் கண் மூடி ஒரு வருஷம் முடிகிறது. இந்த மலரில் உறவுக்காரர்களும் சிநேகிதர்களும் அவரைப் பற்றி நல்ல வார்த்தைகள் எழுதியிருக்கிறீர்கள். கூடப் பிறந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்தன். அதனால் சித்தப்பா எழுதாமல் மலர் அச்சுக்குப் போகாது என்று அண்ணன் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவன். அதை வைத்து எனக்கு எழுத வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். புதுவாயல் கூட்ரோட்டில் என் ஒர்க்ஷாப் போர்டு எத்தனை பேருக்கு வழி சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதிக்கொண்டாள். அவள் சில இடத்தில் "மாமா, இது வேண்டாமே" என்றாள். வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் பிறந்தது கவரைப்பேட்டைக்குக் கிழக்கே, அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த வீட்டில். நைனா சீக்கிரம் போய்விட்டார். அம்மாவையும் என்னையும் காப்பாற்ற அண்ணன் எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரி கிளீனராகப் போனார். அங்கே ஆந்திராவுக்குப் போகிற லாரிகள் மைல் கணக்கில் வரிசையில் நிற்கும். டிரைவர்கள் அசந்து தூங்குவார்கள். முன்னால் இருக்கிற லாரி நகர்ந்தால் கிளீனர்தான் வண்டியை எடுத்து நகர்த்த வேண்டும். அண்ணன் டிரைவிங் கற்றது அப்படித்தான், ஒரு லாரி நீளம், ஒரு லாரி நீளமாக. கடைசிவரைக்கும் அவர் கிளட்சை விடுகிற பதம் அந்த வரிசையில் வந்தது. நான் பஞ்சர் கடையில் ஆரம்பித்து, மெக்கானிக் ஆகி, ஒரு பழைய வேன் வாங்கி, கம்பெனி ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்குகிற தொழிலைக் கையில் எடுத்தேன். யார் தயவும் இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்தச் சமயத்தில்தான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மினோக்கா காருக்குக் கதவு பாகம் செய்கிற ஜப்பான் கம்பெனியில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. கம்பெனிக்குப் பெரியவரான ஜப்பான் சாருக்கு டிரைவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், ஷூ. நைனா இருந்து பார்த்திருந்தால் யாரோ ஆபீசர் என்று எழுந்து நின்றிருப்பார்.

மினோக்கா வண்டியைப் பற்றி இன்றைக்கு இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டே மினோக்கா கம்பெனியின் கதையைச் சொன்னார். டிராபிக்கில் நிற்கும்போது ஜப்பான் சார் சொல்வாராம். மொழிபெயர்ப்புக்கு எப்போதும் கூட வருகிற பிரபாகர் அதைத் தமிழில் அண்ணனுக்குச் சொல்வாராம்.

"அந்த மொதலாளி மொதல்ல இன்னா செஞ்சான் தெரியுமாடா? வயலுக்குத் தண்ணி எறைக்கிற பம்பு."

"கார் கம்பெனிக்காரனா?"

"கார் எங்கருந்து வந்துச்சு அப்போ. பனி கொட்ற ஊரு. அவன் அப்பனும் சேத்துல நின்னு நெல்லு நட்டவன்தான். உலகச் சண்டையில ஊரே எரிஞ்சு போச்சு. மிலிட்டரிக்காரன் போட்டுட்டுப் போன இஞ்சினை எடுத்து மூணு சக்கர வண்டி பண்ணான். மீன் ஏத்தறதுக்கு. அப்புறம்தான் காரு. மொத காருல கதவு, வளைவுல தானா தொறந்துக்கினுச்சாம்."

"அப்புறம்?"

"வாங்கினவன் ஒவ்வொருத்தன் ஊட்டுக்கும் அவனே போனான். வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு, தலையைக் குனிஞ்சு, தப்பு என்னுதுன்னு சொல்லி, வண்டியைத் திருப்பி எடுத்துக்கினு வந்தான்."

என் வீட்டுக்காரி குழம்பு ஊற்றிக்கொண்டே, "நம்மூரா இருந்தா கதவுக்குக் கயிறு கட்டிக் குடுத்திருப்பான்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நான் மட்டும் அந்த மனுஷனையே நினைத்துக்கொண்டிருந்தேன். சேற்றில் நின்றவன் பிள்ளை செய்த கார். அதற்கப்புறம் எனக்கு வேறு வண்டி கண்ணில் படவில்லை.

வண்டியும் அப்படித்தான் இருந்தது. கதவைச் சாத்தினால் தகரச் சத்தம் வராது. அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஹைவேயில் லாரிகளுக்கு நடுவில் போனாலும் உள்ளே பேசுகிற பேச்சு காதில் விழும். மழைக்காலத்தில் கவரைப்பேட்டை சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் மற்ற வண்டிகள் மூச்சை விட்டுவிடும், இது கடந்து போகும். பாகம் கழற்றினால் மாட்டுகிற இடத்தில் அம்புக்குறி போட்டிருக்கும். என்னை மாதிரி இங்கிலீஷ் தெரியாதவனுக்கும் சேர்த்து யோசித்துச் செய்தவன் அவன். நான் என் வேன்களை ஒவ்வொன்றாக விற்று மினோக்காவாக மாற்றினேன். எல்லாம் வெள்ளை. ஷிப்டு முடிகிற நேரத்தில் தொழிற்பேட்டை கேட்டில் என் வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். ஊரில் என் பேர் போய் மினோக்காக்காரர் என்றே ஆகிவிட்டது. என் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் "மினோக்கா ஊட்டுக் கல்யாணம்" என்றுதான் வழி கேட்டு வந்தார்கள்.

பிறகு அடுத்த அடி வைத்தேன். மினோக்காவுக்கு மட்டும் ஒரு பெரிய ஒர்க்ஷாப், ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கு, கூடவே புது வண்டிகள். அதற்காக அண்ணனும் நானும் கஷ்டப்பட்டுச் சேர்த்து வாங்கின கவரைப்பேட்டை நிலத்தை விற்க முடிவு செய்தேன். எங்கள் வம்சத்தில் சொந்தமாக வாங்கின முதல் நிலம். இரண்டு பேர் பேரிலும் இருந்தது. அண்ணன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. பொன்னேரி பதிவு ஆபீஸ் வாசலில் காத்திருக்கும்போது மட்டும் சொன்னார்.

"ஒரு வருஷம் பொறுத்துக்கோயேன்டா."

"ஏண்ணா?"

"சும்மாதான் சொல்றேன்."

"சும்மா சொல்றதுக்கு இன்னா இருக்குது? நான் வளர்றது உனக்குப் பேஜாரா இருக்குதா?"

உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணன் போய்க் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து நாஷ்டா வாங்கிக் கொடுத்தேன், அவர் டீ மட்டும் குடித்தார்.

ஒர்க்ஷாப் திறந்து மாலை வாடுவதற்குள் என்று சொல்லலாம், டிவியில் செய்தி வந்தது. மினோக்கா இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திக்கொள்கிறது. சென்னை ரோட்டில் இருந்த ஷோரூமில் போர்டை இறக்கி, பெயர் தெரியாமல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஸ்பேர் முதலில் விலை ஏறியது, பிறகு வரவே இல்லை. விற்பனை நின்றுபோன வண்டியை ஷிப்டுக்கு ஏற்க மாட்டோம் என்று கம்பெனிகள் சொல்லிவிட்டன. வெள்ளை வண்டிகள் என் ஷெட்டில் தூசி பிடித்து நின்றன. வாங்கினவன் வீட்டுக்கெல்லாம் போய்த் தலை குனிந்த மனுஷன் ஆரம்பித்த கம்பெனி. எங்கள் வாசலுக்கு ஒருத்தர் வரவில்லை.

நான் விழுந்தேன். ஆனால் படுத்துக் கிடக்கவில்லை. எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒர்க்ஷாப்பாக அதை மாற்றி, மறுபடி பஞ்சர் ஒட்டுவதிலிருந்து ஆரம்பித்து, இன்றைக்கு இருக்கிற நிலைமைக்கு வந்தேன். வேறு எவனாக இருந்தாலும் ஊரை விட்டே போயிருப்பான்.

அண்ணன் ரிட்டயர் ஆன மறுநாளே என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். நான் விற்காமல் வைத்திருந்த ஒரே ஒரு மினோக்காவின் சாவியைக் கேட்டார். அன்றிலிருந்து உடம்புக்கு முடியாமல் போகிறவரை என்னை அழைத்துக்கொண்டு போனது அவர்தான். பேங்க், மார்க்கெட், சாவு வீடு, கல்யாண வீடு, எல்லாத்துக்கும். முதல் நாள், பழக்கத்தில் நான் பின் கதவைத் திறந்தேன்.

"பின்னாடி குந்தினா நான் உனக்கு டிரைவரு. முன்னாடி வாடா" என்றார்.

முன்னால் உட்கார்ந்தேன். அத்தனை வருஷம் அந்த வண்டியில் நாங்கள் இரண்டு பேரும் பேசாத பேச்சு இல்லை என்று நினைத்தேன். இப்படி ஒரு அண்ணன் யாருக்கு வாய்க்கும் என்று நான் பெருமை பேசாத ஆள் புதுவாயலில் கிடையாது. ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்னபோது, ஆம்புலன்ஸ் வேண்டாம், நம்ம வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போ என்றார். முன் சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்துக் கொண்டுவந்தோம். வீட்டுக்கு வந்த இரண்டொரு நாளில் அமைதியாகப் போனார்.

அவருடைய கருமாதிக்கு பிரபாகர் வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது, எனக்கே அடையாளம் தெரியவில்லை. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணனைப் பற்றி நல்லபடி சொல்வதாக நினைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"சார், உங்க அண்ணன் மாதிரி ஒரு டிரைவரை நான் பார்த்ததில்லை. மினோக்காவை மூடப்போறது கம்பெனிக்குள்ளயே யாருக்கும் தெரியாது. ஜப்பான் சாரும் நானும் பின் சீட்ல பேசிக்கிட்டு வருவோம், அவர் காதுல விழும், கேட்டுக் கேட்டு ஜப்பான் பாஷையும் அவருக்குப் புரிய ஆரம்பிச்சிடுச்சு. ஒரு வருஷத்துக்கு மேல வாயே தெறக்கலை."

பக்கத்தில் இருந்தவர்கள் 'ச்சு ச்சு' என்று ஆச்சரியப்பட்டார்கள். பிரபாகர் நிறுத்தவில்லை.

"ஜப்பான் சாரே ஒரு நாள் சொன்னார். உன் தம்பி இதே தொழில்ல இருக்கானே, அவனுக்கு மட்டும் சொல்லிக்கோன்னு. உங்க அண்ணன் இன்னா சொன்னார் தெரியுமா? 'வேணாம் சார். அவன்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா சொல்லிடுவான்'னு."

பந்தியே சிரித்தது. என் சொந்த மச்சான் இலையில் தண்ணீரைத் தட்டிவிட்டுச் சிரித்தான். நான் எழுந்து கை கழுவப் போனேன்.

டிரைவருக்கு ஒரு சட்டம் உண்டு. பின் சீட்டில் கேட்டது முன் கண்ணாடியைத் தாண்டக் கூடாது. தொழில் செய்கிறவன் நான், எனக்கு அது புரியும். அதற்காக அண்ணனை நான் மதிக்கிறேன் என்று இந்த மலரிலேயே எழுதச் சொல்கிறேன். ஆனால் முதலாளியே சொல்லிக்கொள் என்று விட்டுவிட்ட பிறகு எந்தச் சட்டம்? நிலத்தை விற்கிற அன்றைக்கு என் பக்கத்தில் நின்று, எல்லாம் தெரிந்துகொண்டு, எப்படிக் கையெழுத்துப் போட வந்தது? பொறுத்துக்கோ என்றார், சரி. பொறுத்துக்கோ என்று ஊரில் எல்லோரும்தான் சொல்கிறார்கள். காரணத்தைச் சொன்னால்தானே அது அண்ணன் சொன்ன வார்த்தை. அதையும் விடுங்கள். ஊருக்கே தெரிந்து, கம்பெனி மூடி, ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போன பிறகு? அத்தனை வருஷம் என்னை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போனாரே, ஒரு நாள், ஒரு சிக்னலில் நிற்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா? என்மேல் இருந்த பாசத்தில் தினமும் வந்தாரா, இல்லை செய்ததற்கு ஈடு கட்ட வந்தாரா? இதை இனி நான் யாரைக் கேட்பேன்?

கூட்டம் கலைந்த பிறகு அண்ணியைக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"கம்பெனி விஷயமெல்லாம் என்கிட்ட எங்க சொன்னாரு, தம்பி? நெலம் ரிஜிஸ்டர் ஆன அன்னிக்கு வந்து சாப்பிடாம படுத்துக்கினாரு. இன்னான்னு கேட்டதுக்குத் தலைவலின்னாரு."

"அப்புறமாவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "சொல்லியிருந்தா அவரை வண்டியில ஏத்தியிருப்பியா நீ?"

ஏற்றியிருக்க மாட்டேன். அண்ணி என்னைச் சரியாகத்தான் எடை போட்டார். வாசலில் நிற்க வைத்து ஊர் கேட்கத் திட்டியிருப்பேன். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் யார் வீட்டு விசேஷத்திலாவது யாராவது எங்கள் இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்திருப்பார்கள், நானே அவர் இலைக்கு இன்னும் கொஞ்சம் பாயாசம் ஊற்றச் சொல்லியிருப்பேன். கூடப் பிறந்தவர்கள் சண்டை அவ்வளவுதான். அந்தச் சண்டையைப் போட விடாமல் போய்விட்டார். எனக்கு வரவேண்டிய கோபத்தை அவரே வைத்துக்கொண்டு, அவர் செத்த பிறகு வேறு ஒருத்தர் வாயால் பந்தியில் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது இதை யார்மேல் காட்டுவேன்?

ஆஸ்பத்திரியில் இரவு பகல் பார்க்காமல் கவனித்த நர்ஸ் பிள்ளைகளுக்கும், பந்தல் போட்டு, தண்ணீர் சுமந்து, கடைசி வரை கூட நின்ற தெருக்காரர்களுக்கும், பழவேற்காட்டிலிருந்து மீனும் அரிசியும் வண்டியில் போட்டு அனுப்பின பாய் குடும்பத்துக்கும், வெளியூரிலிருந்து வந்து கண்ணீர் விட்ட சம்பந்திகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பிரபாகருக்கும் நன்றி சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். வேண்டுமென்று அவர் செய்யவில்லை.

வருஷத் திதி அன்றைக்கு எல்லோரும் கட்டாயம் வர வேண்டும். சாப்பாட்டுச் செலவு என்னுடையது, அதில் அண்ணன் பிள்ளைகள் தலையிட வேண்டாம். அண்ணன் படத்துக்கு முதல் மாலை நான்தான் போடுவேன். கோபத்தோடுதான் போடுவேன். திதி நாளும் அதுவுமாக இது என்ன என்று யாரும் என்னைச் சமாதானம் செய்ய வர வேண்டாம். அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற விஷயம் அது.