முதுகா, வயிறா?

லுணுகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் கொழுந்து நிறுக்கும்போது, இராசமணியின் கூடையிலிருந்து ஒரு துணிப்பொட்டலம் உருண்டு விழுந்தது. கணக்கப்பிள்ளை அதைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"இது என்ன புள்ள, புதுசாக் கொழுந்து?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். இராசமணியும் சிரித்துக்கொண்டே அதைத் தட்டி எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். பின்னால் நின்ற அக்காள் பேச்சாயிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. புற்றுநோய்க்காகத் தங்கச்சியின் இடது மார்பை எடுத்து இரண்டு வருஷமாகிறது. அந்த இடத்தில் வைத்துக்கொள்ள, பழைய வாயில் சேலையைக் கிழித்துப் பொடித்தையல் போட்டுப் பொட்டலம் செய்து கொடுத்தவள் பேச்சாயிதான். குனிந்தபோது அது நழுவிச் செடிமேல் விழ, கைவேகத்தில் இராசமணி அதையும் கொழுந்தோடு அள்ளித் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிந்திருக்கிறாள். அந்த மலையில் அவளை மிஞ்சின கை கிடையாது. யாரிடம் பேசினாலும் பேச்சாயி இதைச் சொல்லாமல் விடமாட்டாள்.

குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பும் வழியில் இராசமணி கேட்டாள். "ஏக்கா, கழண்டு விழாத மாதிரி ஒண்ணு இருக்காதா?"

அவள் ஒன்றைக் கேட்டுவிட்டால் பதில் கிடைக்கும்வரை ஓயமாட்டாள். பதுளை ஆஸ்பத்திரியில் கேட்டாள். அங்கிருந்து கண்டிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அக்காளும் தங்கச்சியும் ரயிலேறிப் போனார்கள். 2004ஆம் வருஷம் அது.

கண்டியில் டாக்டர் பத்மநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். சிலிக்கோன் பை வைக்கலாம் என்று ஆரம்பித்தார்.

"திரும்பவும் பொட்டலமாங்க? வேணாங்க. என் ஒடம்புலயே எங்கயாச்சும் மிச்சம் இருந்தா எடுத்து வைங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "இருக்குப் பிள்ளை. முதுகுச் சதையை எடுக்கலாம், இல்லாட்டி வயித்துச் சதையை."

"வெட்டி எடுத்தா செத்துப் போகாதுங்களா?"

"முழுக்க வெட்டுறேல்ல. ரத்தம் ஓடுற குழாய் அறாமல், தோலுக்குக் கீழால திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறது."

"வேரோட திருப்பி நடுற மாதிரி," என்றாள் இராசமணி. அவள் கண் விரிந்தது. பேச்சாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதுகென்றால் சத்திரசிகிச்சை சின்னது, ஆனால் மார்பும் சின்னதாகத்தான் வரும் என்றார் டாக்டர். வயிறென்றால் பெரிய வேலை. பல மாதம் பாரம் தூக்கக்கூடாது, பிறகும் வயிறு முன்னைப்போல் பலமாக இருக்காது. இரண்டையும் பேனாவால் அவள் உடம்பில் கோடு போட்டுக் காட்டினார். யோசித்துவிட்டு அடுத்த மாதம் வரச் சொன்னார்.

இராசமணி யோசித்த விதமே வேறு. ஊருக்கு வந்ததும், "அக்கா, அந்தக் கோட்டு மேல மஞ்சளக் கொழச்சுப் பூசு," என்றாள். கூடை எங்கே உரசுகிறது என்று பார்க்க வேண்டுமாம். பேச்சாயி முனகிக்கொண்டே, கோடு பிசகாமல் பூசிவிட்டாள். பொழுதிறங்கி வந்து பார்த்தால், கூடை உரசி முதுகில் மஞ்சளே இல்லை. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குக்கு அடியில் இருந்ததால், வயிற்றில் அப்படியே இருந்தது. "அப்ப வயிறுதான்," என்றாள் இராசமணி.

மறுமாதம் இதைக் கேட்டு டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "நல்ல பரிசோதனைதான். ஆனா மஞ்சள் தோலின்ர கதையை மட்டும்தான் சொல்லும். உள்ளுக்குள்ள தசை என்ன செய்யுது எண்டு பாக்கவேணும். எழும்பிக் கொழுந்தெடுங்கோ பாப்பம்."

இராசமணி எழுந்து, இல்லாத செடியில் கொழுந்து கிள்ளி, இல்லாத கூடைக்குள் எறிந்தாள். டாக்டர் சொன்னபடி பேச்சாயி அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். கை போய் வரும்போதெல்லாம் உள்ளே ஏதோ இழுத்தது, விட்டது. இந்தக் கையைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்தவளுக்கு, அதன் பலம் முதுகிலிருந்து வருகிறது என்பது இத்தனை நாள் தெரியாது.

"துள்ளுதுங்க டாக்டர்!"

பிறகு இராசமணியைப் படுக்க வைத்து, கை ஊன்றாமல் எழச் சொன்னார். வயிறு கல்லாக இறுகியது. நிறை கூடையைத் தூக்கும்போது இறுகுவதும் அதுதான் என்றார். இராசமணியின் முகம் முதல் தடவையாக வாடியது. முதுகு போனால் வேகம் போகும். வயிறு போனால் கூடை எழும்பாது. மலை ஏறாவிட்டால் அவளுக்குப் பிழைப்பு ஏது?

பேச்சாயி மறுபடியும் அவள் முதுகில் கையை வைத்தாள். "வயித்துலயே எடுங்க டாக்டர். கூடைய நான் தூக்கிவிடுவேன். கொழுந்த அவதானே எறியணும், அதுக்கு என் கைய நான் கடன் குடுக்க முடியுங்களா?"

டாக்டர் இராசமணியைப் பார்த்தார். "அக்கா சொல்றாதான். உடம்பு உங்கட. நீங்க என்ன சொல்றீங்கள்?"

"வயித்துலயே எடுங்க," என்றாள் இராசமணி. "ரெண்டு புள்ள பெத்த வயிறு, கொஞ்சம் கொறைஞ்சா நல்லதுதான்."

காயம் ஆற நாளெடுத்தது. குனிந்து நடந்தாள், தும்மப் பயந்தாள். புது மார்பில் தொடுவுணர்ச்சி இல்லை. கிள்ளிக் கிள்ளிப் பார்த்து, "ஒண்ணுமே தெரியலக்கா!" என்று அதையும் அதிசயமாகச் சொன்னாள். தீபாவளிக்குப் பிறகு கொஞ்சம் சதை போட்டபோது அதுவும் சேர்ந்து கொழுத்தது. "வயித்துப் புத்தி போகல பாரு," என்று கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாள்.

அடுத்த வருஷம் டாக்டர் சம்மதித்த பிறகு மலைக்குப் போனாள். நிறுக்கும் இடத்தில் பேச்சாயி தன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, தங்கச்சியின் கூடையைத் தூக்கிக் கொடுத்தாள்.

"ஒரு கூடைக்கு ரெண்டு ஆளா?" என்றார் கணக்கப்பிள்ளை.

"மொதல்ல நிறுத்துப் பாருங்க, பெறகு ஆள எண்ணுங்க," என்றாள் பேச்சாயி.

அவர் தராசு முள்ளைப் பார்த்தார். அன்றைக்கு மலையிலேயே அதிகம் அந்தக் கூடைதான்; எடையை இராசமணியின் பேருக்கு நேரே எழுதினார்.