நாற்பத்தொன்றாம் நிறம்

கண்டி நகரில், கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் அடிக்கிற ஓர் அச்சகத்தில் யோகராஜ் பக்கம் வடிவமைப்பவர். வாசலில் நுழைகிறவரின் முகத்தைப் பார்த்தே மஞ்சள் அட்டையா, கறுப்புக் கரையா என்று சொல்லிவிடுவார் என்பது முதலாளியின் பெருமை. இருபது வயதில் நாவலப்பிட்டி நெற் கஃபேயில் உட்கார்ந்து, அரட்டை மென்பொருளில் தன் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு நிறத்தில் வருவதற்கு நிரல் எழுதியவர் அவர். "ஒரு பொண்ணும் திரும்பிப் பாக்கல. கண்ணுதான் கெட்டுச்சு" என்று மனைவி தினுஷாவிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு அக்கா வேலாயி போனதோடு போயிற்று.

நாவலப்பிட்டிக்கு மேலே, அவர்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவு இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாரிக் காலையில் இறங்கியது. அன்றைய மழையளவை அதே தோட்டத்து மூக்கையா விடியும்போதே வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அதற்கு மேலும் கீழும் யாருடையதோ பிறந்தநாள். கேக், பலூன், பூங்கொத்து. எண்ணை யாரும் கவனிக்கவில்லை. யோகராஜும் ஒரு பூங்கொத்தை அனுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டார். பிற்பகலில் அக்காவை வெளியே எடுத்தபோது அவள் உடுத்திருந்தது என்ன நிறச் சேலை என்று எவராலும் சொல்ல முடியவில்லை. காவியும் பழுப்பும் குழைந்த அந்த ஈர மண்ணின் நிறம் மட்டும் யோகராஜின் கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டது. அச்சகத்தில் அந்த நிறத்தில் கார்டு கேட்டால், மை இல்லை என்று பொய் சொல்லத் தொடங்கினார்.

பிறகுதான் பழைய அரட்டை மென்பொருளைத் தேடி எடுத்தார். அதில் பூவும் கேக்கும் போட முடியாது, வெறும் எழுத்துதான். சிக்னல் மெலிந்த மலையிலிருந்தும் போய்ச் சேரும். தோட்டங்களில் மழைமானி வைத்திருந்தவர்கள் காலையில் எண்ணை மட்டும் அனுப்புவார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பவை இரண்டு கணினிகள். ஒன்று கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் யோகராஜின் வீட்டில். மற்றது நாவலப்பிட்டியில் போன் பேசவும் பிரதி எடுக்கவும் கொமியுனிகேஷன் கடை வைத்திருக்கும் நிஷாந்தினியிடம். எழுபத்தைந்து மில்லிமீற்றரைத் தாண்டினால் அந்த வரி தடித்த சிவப்பில் வரவேண்டும் என்று யோகராஜ் நிரல் எழுதினார். சிவப்பைக் கண்டால் நிஷாந்தினி தோட்டத் தலைவருக்குப் போன் எடுப்பாள். கோயில் ஸ்பீக்கர் சத்தம் போடும். லயத்துச் சனம் பள்ளிக்கூடத்துக்கு ஏறும். "மழை 160" என்று தட்டிப் பரீட்சித்தார். சிவப்பு பளிச்சென்று வந்தது. அடுத்த மாரி ஏமாற்றிவிட்டதால் உண்மையான சிவப்பை யாரும் காணவில்லை.

போன கார்த்திகையில் விடாத மழை. ஒரு காலை, சட்டைப் பொத்தானைப் போட்டபடி திரைக்கு முன்னால் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மூக்கையாவின் பெயருக்கு நேரே ஓர் எண்: 50. கறுப்புத் திரையில், காவியும் பழுப்புமாக. அதே மண்.

அந்த நிறத்தை அவர் நிரலில் எழுதவில்லை. எழுதவும் மாட்டார்.

"தினுஷா, இங்க வா. இது என்ன கலரு?"

"தேயிலச் சாயம் மாதிரி. ஏன்?"

"ஒனக்கும் தெரியுதா?"

"எனக்கென்ன கண் பொட்டையா?" என்றவள் அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "என்னாங்க, அக்காவ நெனச்சீங்களா?"

அவர் நிஷாந்தினிக்குப் போன் எடுத்தார்.

"அம்பதுதானே அண்ணே, பயமில்ல. கலர மாத்திட்டீங்கபோல. சுமாராத்தான் இருக்கு."

"நான் மாத்தலம்மா."

"அப்ப யாரு, ஆவியா மாத்துச்சு?" என்று சிரித்தவள், சொன்ன பிறகே நாக்கைக் கடித்தாள்.

மூக்கையாவின் தொலைபேசி கிடைக்கவில்லை. கூரையில் மழை இடித்தது. யோகராஜ் கதிரையில் உட்கார்ந்தார். ஐம்பதென்றால் நிறமே வரக்கூடாது. வெறும் வெள்ளையில் வரவேண்டும். வந்திருக்கிறதென்றால் நிரல் அதை எழுபத்தைந்துக்கு மேல் என்று படித்திருக்கிறது. அக்கா கூப்பிடுகிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. நிரலைத் திறந்தார்.

மென்பொருளுக்கு நிறங்கள் எண்கள்தாம். சிவப்பு நாலு. நாலு என்று எழுதி, அதையொட்டி வரும் செய்தியைச் சேர்க்கும்படி செய்திருந்தார். பரீட்சையில் செய்தி "மழை" என்ற சொல்லோடு தொடங்கியது. மூக்கையாவோ சொல் எதுவும் போடாதவர், எண் மட்டும். நாலுக்குப் பக்கத்தில் நூற்றைம்பது வந்து நின்றால் 4150. நிறத்துக்கு இரண்டு இலக்கம் வரை எடுத்துக்கொள்ளும் அந்த மென்பொருள் 41ஐத் தின்றுவிட்டு, மிச்சத்தைக் காட்டியிருக்கிறது.

நாற்பத்தொன்று, மண் நிறம். மறுபடி போனை எடுத்தார்.

"நிஷா! அம்பது இல்ல, நூத்தம்பது! தலைவருக்கு எடு!"

"ஐயோ கடவுளே" என்ற குரலோடு லைன் அறுந்தது.

அன்று மத்தியானம் சரிவு இறங்கியது. பின்வரிசை லயத்தில் நாலைந்து வீடுகளின் சுவரைத் தள்ளிக்கொண்டு போனது. சனம் பள்ளிக்கூடத்தில் இருந்தது. அங்கிருந்து மூக்கையா கூப்பிட்டார்.

"ஏந் தம்பி, முழுசா நூற முழுங்கிருச்சே ஒங்க மெசினு! அம்புட்டுப் பசியா அதுக்கு?"

"மன்னிச்சிருங்கண்ணே. நான் சரிபண்ணுற வரைக்கும் நம்பருக்கு முன்னுக்கு ஒரு சொல்லு போட்டு அனுப்புங்க. அப்ப தின்னாது."

"என்ன சொல்லு போட?"

"ஒங்களுக்குத் தோணுறத."

சரிபண்ண வேண்டியிருந்தது ஒரு சுழியம் மட்டும்: 4 என்பதை 04 ஆக்கினால் போதும். அன்றே ஆக்கிவிட்டார். ஆனால் ஒன்றை மட்டும் அவர் தினுஷாவிடம்கூடச் சொல்லவில்லை. விழுங்கிய இலக்கம் வேறொன்றாக இருந்து, வேறேதோ நிறம் வந்திருந்தால், ஐம்பதுதானே என்று பஸ் ஏறியிருப்பார்.

மறுநாள் காலை மூக்கையாவின் பெயருக்கு நேரே வெள்ளை எழுத்தில் வந்தது: வேலாயி 38.

அடுத்தடுத்த நாள்களிலும் வந்தது. வேலாயி 20. வேலாயி 6.

"சரிபண்ணியாச்சுன்னு அந்தாள்கிட்ட சொல்லிருங்களேன்" என்றாள் தினுஷா. "தினம் தினம் இத எப்பிடிப் பாக்குறது?"

"சொல்றேன்" என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

மழை இப்போது குறைவு. இருந்தாலும் ஒவ்வொரு விடியலிலும் அவர் திரைக்கு முன்னால் உட்காருகிறார். அடுத்த மாரியில் ஏதோ ஒரு காலை அந்தப் பெயர் தடித்த சிவப்பில் வரும். அதைக் காணப் பயம். அது வரும்போது தான் அந்தக் கதிரையில் இல்லாமல் போய்விடுவோமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.