கோமதி இல்லாத புதன்கிழமை

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு எழும்பூரில் இறங்கினேன். மழை சற்று முன்புதான் விட்டிருந்தது. நடைமேடையெங்கும் ஈரக் காலடிகள். போனில் திரும்பும் டிக்கெட்டுகள் இரண்டு இருந்தன. மறுநாள் பிற்பகல் ரயிலில் எனக்கு ஒன்று, என் மகளுக்கு ஒன்று. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் ஒருவர் மயிலாப்பூருக்கு முந்நூறு கேட்டார். ஆறு கிலோமீட்டர்தானே என்றேன். "மழை பேஞ்ச ரோட்ல ஆறுன்னா பன்னெண்டு சார்" என்றார். இருநூற்று இருபதுக்கு ஒத்துக்கொண்டார். வழியில் ஒவ்வொரு பள்ளத்தையும் எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார், முந்நூறு நியாயம்தான் என்று நான் உணரவேண்டும் என்பதுபோல.

பாளையங்கோட்டையிலிருந்து நான் இப்படிக் கிளம்பி வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் கோமதிக்கு இருபத்தொன்பது வயது. நுரையீரல் பலவீனமானவர்களுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வாடகைக்குத் தரும் ஒரு சின்ன நிறுவனத்தை நடத்துகிறாள். போன வருஷ மழையில் வேளச்சேரியில் அவளுடைய கிடங்குக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே அவள் மாட்டிக்கொண்டாள். ஒரு பகலும் ஓர் இரவும் நான் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் பத்திரமாக வந்துவிட்டாள். நான்தான் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. இப்போதும் சென்னையில் மழை என்று செய்தியில் வந்தால் பள்ளியில் பாடம் நடத்தும்போதே கை சட்டைப்பைக்குப் போகிறது. அன்றிலிருந்து, நான் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பதாக அவள் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அது போதவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் வந்தேன்.

அவள் இப்போது குடியிருப்பது கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மைதிலி மாமி வீட்டு மாடியில். மாமியின் கணவர் கோமதியின் மிஷினில் இரண்டு வருஷம் மூச்சு விட்டவர். அவர் போன பிறகும் மாமி மிஷினைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கூடத்தின் மூலையில், காற்றாடிக்குக் கீழே, வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்தார்.

"எங்காத்துல இப்போ இதுதான் மாப்பிள்ளை. வாரத்துக்கு ஒரு நாள் பத்து நிமிஷம் ஓட விடணும்னு உங்க பொண்ணு ஆர்டர். அது உறுமிண்டிருக்கும், நான் காபி குடிச்சிண்டிருப்பேன்" என்றார்.

வெள்ளத்துக்குப் பிறகு கோமதி கிடங்கே எடுக்கவில்லை. பழுது பார்த்த மிஷின்களையெல்லாம் பழைய வாடிக்கையாளர்களின் வீடுகளில் பிரித்து வைத்துவிட்டாள். குணமானவர்கள் வீடு, இறந்துபோனவர்களின் வீடு, மயிலாப்பூரில் சில, தி. நகரில் சில, அடையாற்றில் சில. யாருக்காவது அவசரம் என்றால் அருகில் இருக்கும் வீட்டிலிருந்து போகும். இதைப் போனில் பலமுறை சொல்லியிருக்கிறாள். நான் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, மழையா என்பதுதான்.

புதன்கிழமை கோமதிக்கும் மிஷின் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வழக்கம். எவர்சில்வர் டப்பாவில் எல்லோர் பெயரையும் சீட்டு எழுதிப் போட்டிருக்கிறார்கள். காலையில் மாமி ஒன்றை எடுப்பார். அந்தப் பெயருக்கு உரியவர் அன்றைக்கு 'இல்லை'. வேலைக்குப் போகக்கூடாது, போனை அணைத்துவிட வேண்டும், எவ்வளவு தலைபோகிற விஷயமானாலும் வேலையைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. பிறகு எங்கேயோ ஒரு வீட்டில் மிஷின் நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு மற்றவர்கள் ஓட வேண்டும். வேண்டுமென்றே கஷ்டத்தை வரவழைத்து அதில் பழகுவது. அன்று மாமி எடுத்த சீட்டில் கோமதி என்று இருந்தது.

"நல்லதாப் போச்சு. அப்பா வந்த அன்னைக்கு லீவு" என்று கோமதி சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வேணா டில்லியோட போயிட்டு வாங்கப்பா. நான் என்ன செய்யறேன்னு பார்க்கணும்னா, நான் இல்லாதப்பதான் பார்க்கணும்" என்றாள்.

டில்லி அவளிடம் வேலை பார்ப்பவர். முப்பது வயது இருக்கும், ஈக்காட்டுத்தாங்கல்காரர். பத்து மணிக்கு அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து கிளம்பினேன். அடையாற்றில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மிஷின் நின்றுவிட்டது, தி. நகரிலிருந்து எடுத்துப் போக வேண்டும் என்பது அன்றைய கற்பனை. ஆழ்வார்ப்பேட்டையில் பாதிச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். "கெட்டியா புட்ச்சிக்க சார்" என்று சொல்லிவிட்டு ஒரு மாநகரப் பேருந்துக்கும் சுவருக்கும் நடுவே அவர் நுழைந்தபோது, மகளைவிட என்னைப் பற்றிக் கவலைப்பட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு அது ஒரு மாறுதலாக இருந்தது.

தி. நகரில் மிஷின் இருந்தது ஒரு பாத்திரக் கடையில். கடைக்காரர் அண்ணாச்சியின் அம்மா இந்த மிஷினால் தேறியவர், இப்போது மாடியில் டிவி பார்க்கிறார். குத்துவிளக்குகளுக்கும் அண்டாக்களுக்கும் பின்னால் மிஷின் நின்றது.

"பாளையங்கோட்டையா? சொல்லவே இல்லையே சார்" என்று அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "போன வாரம் ஒரு அம்மா இதைப் பாத்துட்டு, இது இட்லிக் கொப்பரையில புது மாடலான்னு கேட்டுட்டுப் போறாங்க. வெலை சொல்லிருப்பேன், உங்க மகளுக்குப் பயந்துதான் சொல்லல."

மிஷின் பதினைந்து கிலோ. அதை ஓர் ஆட்டோவில் ஏற்றி, முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். டில்லி பைக்கில் முன்னால் போனார். நந்தனம், கோட்டூர்புரம் பாலம், அடையாறு. இருநூறு ரூபாய். ஆறு நிறைந்து பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அடுக்குமாடியின் வாசலில் காவலாளி எங்களை உள்ளே விடவில்லை. புதியவர். வீட்டுக்காரர்கள் போனை எடுக்கவில்லை, அவர் யாரையும் விடுவதாக இல்லை. டில்லி அவரிடம் தணிவாகப் பேசிப் பார்த்தார், பிறகு வேறு யாருக்கோ போன் போட்டார், பிறகு அண்ணாச்சிக்கு. நேரம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே உண்மையிலேயே ஒருவர் மூச்சுக்குத் தவித்தால் என்ற நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. நோயாளி கற்பனை என்பதே மறந்துபோனது. கோமதியைக் கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். சொன்னேன். அவள் யாரிடமோ பேசினாள். இரண்டே நிமிஷத்தில் கேட் திறந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டில்லி மிஷினைத் தூக்கிக்கொண்டே, "கேட்டு தொறந்துச்சு சார். ஆனா ஆட்டம் அவுட்டு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவள் போன் அணைந்திருக்க வேண்டும். முதல் மணியிலேயே எடுத்தாள் என்றால் காலையிலிருந்து கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மாலை ஐந்து மணிக்கு மாமியின் கூடத்தில் வாழைக்காய் பஜ்ஜி. அண்ணாச்சி கடையிலிருந்தே போனில் வந்தார். இதுவும் அவர்கள் வழக்கம்: "இன்னைக்கு என்ன உடைஞ்சுது?" என்று மாமி கேட்பார். யாரிடத்தில் உடைந்ததோ அவர் சொல்ல வேண்டும். 'நான் அப்பவே சொன்னேனே' என்று யாரும் சொல்லக்கூடாது. உடைத்தவருக்குத்தான் முதல் பஜ்ஜி.

நான் வாயெடுப்பதற்குள் கோமதி, "இன்னைக்கு உடைஞ்சது நான்தான். அப்பாவுக்காகப் போனை அணைக்கலை" என்றாள்.

கூப்பிட்டது நானல்லவா என்றேன்.

"ரெண்டு பேருக்கும் பஜ்ஜி உண்டு. சண்டை போட்டுக்காதேங்கோ" என்றார் மாமி.

பிறகு யாரும் எங்களைப் பற்றிப் பேசவில்லை, உடைந்த இடத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த அடுக்குமாடியில் கோமதிக்கு மட்டும் தெரிந்த ஓர் ஆள் இருக்கிறார் என்பது வெளியே வந்தது. நாளைக்கே போய் இன்னும் இரண்டு பேரின் நம்பர் வாங்கி வருவதாக டில்லி சொன்னார். அடுத்து என் விஷயம். போனிலிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது.

"சாரு மேல என்ன தப்பு? அவருகிட்ட இருக்கது ஒரே நம்பரு. அது எடுக்கலைன்னா மனுசன் யாரைக் கேப்பாரு? நம்ம நம்பரை எல்லாம் அவருக்குக் குடுங்க. அவரு நம்பரை டில்லி வீட்டுக்குக் குடுங்க. எல்லார் வீட்டுக்கும் இப்படிச் செய்யணும்."

இப்படியாக என் பதற்றத்திலிருந்து அந்த நிறுவனத்துக்கு ஒரு புது விதி கிடைத்தது. ஆசிரியர் வேலையில் இத்தனை வருஷத்தில், என் பலவீனம் யாருக்கும் பயன்பட்டதாக எனக்கு நினைவில்லை.

வியாழன் காலை கோமதியும் நானும் திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினோம். வேளச்சேரிக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். அந்தக் கிடங்கைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் கேட்டேன். இப்போது அது ஒரு சலூன். மூன்று நாற்காலிகள், பெரிய கண்ணாடிகள். வெளிச்சுவரில் புதுப் பெயின்ட்டுக்கு அடியிலும் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. பக்கத்தில் போய் நின்றேன். என் மார்பு உயரம்.

"உள்ளே பரண் இருந்துச்சு. அதுல ஏறி உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.

திரும்பும்போது நடைமேடையில் கூட்டம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"பயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன்ப்பா. மழை சத்தம் கேட்டா இப்பவும் முழிச்சுக்கிடுவேன். ஆனா அன்னைக்கு எல்லா மிஷினும் ஒரே ரூம்ல, எல்லார் நம்பரும் என் ஒரு போன்ல. அது முங்குனதும் எல்லாமே முங்கிருச்சு. இப்ப அப்படி இல்லை." என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கீங்கன்னு அம்மா சொல்லிட்டா."

நான் போனை எடுத்து இரண்டு டிக்கெட்டையும் காட்டினேன்.

"வரலாம்ப்பா. நான் இல்லாம இவங்க பார்த்துக்கிடுவாங்க, நேத்து பார்த்தீங்கள்ல. ஒரு வாரம் வந்து இருக்கலாம். ஆனா நீங்க என்னைத் திருப்பி அனுப்புவீங்களா?"

அனுப்புவேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருக்கவும் கூடும்.

"தெரியலைம்மா" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "சரி, பொங்கலுக்கு வர்றேன். அதுக்குள்ள தெரிஞ்சு வைங்க."

எழும்பூரில் ரயில் புறப்பட்டபோது மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலோர இருக்கை அவளுக்கு எடுத்தது. அதில் அவள் கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலம் இருந்தது. டிக்கெட் பரிசோதகர் வந்து இன்னொருவர் எங்கே என்றார். வரவில்லை என்று சொன்னேன். சொல்ல முடிந்தது.

எங்கள் வீட்டையும் நினைத்துப் பார்த்தேன். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வது நான், பீரோ சாவி என் இடுப்பில், வங்கிக்குப் போவது நான். நான் ஒருவன் படுத்தால் அந்த வீடு படுத்துவிடும். அதைத்தான் பொறுப்பு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செங்கல்பட்டு ஏரி தெரிந்த நேரத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"கோமதிப் பொண்ணோட அப்பாங்களா? நான் டில்லி அம்மா பேசறேன், ஈக்காட்டுத்தாங்கல். இங்க மழை ஊத்திக்கினு கீது. புள்ளைக்கு எவ்ளோ வாட்டி போன் போட்டாலும் போ மாட்டேங்குது சார். ஒன்னியும் புரியலன்னா இந்த நம்பருக்குப் போடுன்னு நேத்துதான் குடுத்துட்டுப் போனான்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஒரு பகலும் ஓர் இரவும் நான் பேசிய குரல் அது. "அஞ்சு நிமிஷம் இருங்கம்மா, கேட்டுச் சொல்றேன்" என்றேன். விரல் கோமதியின் பெயருக்குத்தான் முதலில் போனது. நிறுத்தி, மாமியைக் கூப்பிட்டேன்.

"டில்லியா? இங்கதான் சொட்டச் சொட்ட நிக்கறான். துண்டு குடுத்திருக்கேன். போனை நனைச்சுண்டு வந்துட்டான், அரிசி டப்பாக்குள்ள போட்டு வெச்சிருக்கேன்."

அந்த அம்மாவுக்குத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு வந்தது. ஆனாலும் அவர் போனை வைக்கவில்லை.

"சாப்ட்டானாமா சார்?"

அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. மறுபடி மாமியைக் கூப்பிட்டேன். இரண்டு தோசை, மூன்றாவது கல்லில் இருக்கிறது. அதையும் சொன்னேன். கோமதியும் அங்கேதான் எங்கேயோ இருந்திருப்பாள். கேட்கவில்லை.

"நீங்க சாப்ட்டீங்களா சார்?" என்றார் டில்லியின் அம்மா.

இல்லை என்றேன். பக்கத்து இருக்கையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன்.