ஏழுமலை அண்ணனின் மூன்று பீப்

ஏழுமலை அண்ணன் போயிட்டார். சிங்கவரம் ஏழுமலை அண்ணன்.

நேற்றுக் காலை காபி குடித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிசைகிறது என்றாராம்... ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அவர் மனைவி கலா அண்ணிதான் போன் செய்து சொன்னார்.

தெரியாதவர்களுக்கு: அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்தே கண் பார்வை இல்லை. திண்டிவனத்தில் ஒரு ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர். தினமும் செஞ்சி வந்து பஸ் மாறிப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு கம்ப்யூட்டரில் ஊர்க்காரர்களுக்கு மனு எழுதித் தருவார்.

செஞ்சியில் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு அவர் முதலில் வந்தது ரெண்டு வருஷம் முன்பு. ஷேர் ஆட்டோவில், மடியில் ஒரு பழைய சி.பி.யு.வை வைத்துக்கொண்டு.

பிரச்சினை இதுதான். ஸ்கிரீனில் இருப்பதை எல்லாம் அவருக்குப் படித்துக் காட்ட, அவர் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸில் ஒரு குரல் உண்டு. ஆனால் ஆன் செய்து அந்தக் குரல் வர அஞ்சு நிமிஷம் ஆகும். அதுவரை அவருக்கு எதுவுமே தெரியாது. கிளம்பிவிட்டதா, நின்றுவிட்டதா...

சி.பி.யு. மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். உள்ளே ஹார்ட் டிஸ்க் அதிர்கிறதா என்று பார்க்க. கொஞ்ச நாளாக அதுவும் பாதி நாள் கிளம்புவதில்லை.

பேசாமல் புது லேப்டாப் வாங்கிவிடலாமே என்றேன்.

"புதுசு வேணாம் தங்கச்சி. அண்ணிக்கு இங்கிலீஷ் படிக்க வராது, பக்கத்து வூட்ல போயி, வந்து பாரு, இன்னா தெரியுதுன்னு தினம் கேக்க வேண்டியிருக்குது. அது இல்லாம நானே ஆன் பண்ணி நானே உக்காரணும். அவ்ளோதான்."

திறந்து பார்த்தேன். போர்டில் பழைய டிஸ்க் மாட்டும் இடம் எல்லாமே தேய்ந்து போயிருந்தது. சரி, கார்டு மாதிரி ஸ்லாட்டில் சொருகும் வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க் போடலாம் என்று வரவழைத்தேன். லினக்ஸ் ஏற்றினேன். எல்லாம் சுத்தமாக முடிந்தது.

ரீஸ்டார்ட் செய்தால்... ஒன்றும் இல்லை. கறுப்பு ஸ்கிரீன்.

அந்த போர்டு வந்த காலத்தில் இந்த மாதிரி டிஸ்க்கே கிடையாது. அதிலிருந்து கிளம்ப அதற்குத் தெரியவில்லை. லினக்ஸுக்குத் தெரியும், ஆனால் லினக்ஸை யாராவது எழுப்பிவிட வேண்டுமே.

ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு வழி கண்டுபிடித்தேன். கிளம்புகிற பகுதியை மட்டும் சின்ன பென்டிரைவில் போட்டுப் பின்னால் சொருகிவிடுவது. போர்டு பென்டிரைவைப் பார்த்துக் கிளம்பும், அது எஸ்.எஸ்.டி.யிடம் ஒப்படைத்துவிடும். மீதி எல்லாம் பறக்கும்.

பெருமையாக போன் செய்து சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "அது எழுந்துடுச்சுன்னு எனக்கு எப்டிம்மா தெரியும்?"

எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்...

மறுபடி உட்கார்ந்தேன். லினக்ஸ் கிளம்பும் முன்பே சி.பி.யு.வுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் சத்தம் கொடுக்க வைக்க முடியும் என்று தெரிந்தது. மூன்று பீப் வைத்தேன். ஏறுமுகமாக.

சிங்கவரத்துக்கு நானே எடுத்துப் போனேன். அண்ணன் ஆன் செய்தார். வழக்கம்போல உள்ளங்கையை மேலே வைத்தார். எஸ்.எஸ்.டி.க்குள் சுழல்வது எதுவும் இல்லை, அதிராது என்று நான் சொல்லியிருக்கவில்லை. அவர் முகம் அப்படியே வாடிவிட்டது.

"ஓடலியே தங்கச்சி."

சொல்லி முடிக்கவில்லை, மூன்று பீப். இருபது எண்ணுவதற்குள் குரல் பேச ஆரம்பித்துவிட்டது.

அண்ணன் உடனே ஆஃப் செய்தார். ஆன் செய்தார். மறுபடி ஆஃப், மறுபடி ஆன்... "புதுசா வந்ததையும் இன்னிக்கே தேய்ச்சுடுவாரு" என்று அண்ணி சிரித்துக்கொண்டே எனக்கு டீ கொடுத்தார்.

அந்தக் குரலை அவர் வைத்திருந்த வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தை புரியாது. அவருக்கு ஒரு எழுத்து தப்பாது. தொண்டூரிலிருந்து ஒரு அம்மா, நின்றுபோன பென்ஷனுக்காக வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அந்த அம்மா அழுது முடிப்பதற்குள் மனு பிரிண்ட் ஆகிவிட்டது. பென்ஷன் திரும்ப வந்ததும் நிலத்தில் விளைந்த மல்லாட்டைக் கடலையை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். பாதி என் கடைக்கு வந்தது.

ஒரு அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போன சொந்தக்காரர்கள் அவர் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் ஆன் செய்தால் பீப் இல்லை. விரலால் பின்பக்கம் தடவிப் பார்த்திருக்கிறார். பென்டிரைவ் இருந்த இடம் காலி.

கோயிலில் எடுத்த போட்டோவை ஏற்றலாம் என்று, வந்தவர்களில் அவர் மச்சான் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அண்ணன் ஒவ்வொருவருக்காக போன் போட்டு விசாரித்து ஆளைப் பிடித்து, தனியாகவே ஷேர் ஆட்டோ ஏறி, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மச்சான் உட்கார்ந்திருந்த பஸ்ஸில் ஏறி வாங்கி வந்திருக்கிறார். நல்லவேளை, இன்னும் எதையும் ஏற்றியிருக்கவில்லை.

திரும்ப சொருகிவிட்டுத்தான் எனக்கு போன் செய்தார். நான் பதறிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

"உதவிக்கு இல்ல தங்கச்சி. எல்லாம் ஓடுது. சும்மா சொல்லலாம்னுதான்."

என் பதிவுகளை எல்லாம் அந்தக் குரலை வைத்துக் கேட்பார். போன வருஷம் என் அப்பா, எங்க நைனா, தவறியபோது நான் எழுதியதற்குக் கீழே எல்லாரும் கும்பிடும் கை படம் போட்டிருந்தீர்கள். குரல் ஒவ்வொன்றையும் "கூப்பிய கைகள், கூப்பிய கைகள்" என்றே படித்திருக்கிறது. கடைசிவரை கேட்டுவிட்டு போன் செய்தார்.

"எல்லாரும் கைய கூப்பியே நிக்கறாங்கம்மா. ஒருத்தர்கூட ஒண்ணும் பேசல. நைனா எப்டி இருப்பாரு, நீயாச்சும் சொல்லு."

ரொம்ப நேரம் சொன்னேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

இன்று மதியம் எல்லாம் முடிந்தது. இப்போதுதான் கடைக்கு வந்தேன்.

இதற்குக் கீழே கை படம் போடாதீர்கள். அண்ணனைத் தெரிந்தவர்கள் ஒரு வரி எழுதுங்கள்.

போய் வாங்கண்ணா.